வீட்டுப் பாஷையில் வராத குரல்

சின்னா,

இந்தக் கடிதம் உன் போனுக்கு வராது. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரைப் பிரித்து நடுப்பக்கத்துக்குப் போ, அங்கே இருக்கும். பெற்ற பிள்ளைக்குக் கடிதம் எழுத ஊரைக் கூட்ட வேண்டுமா என்று நீ முகம் சுளிப்பாய். வேண்டும்தான். போன வருஷம் இதே பக்கத்தில் பெரிய மனுஷியாக உட்கார்ந்து ஊருக்கெல்லாம் ஒரு புத்தி சொன்னேன். கடைசியில் அது உன் தலையில் வந்து விடிந்தது. ஊருக்குச் சொன்னதை ஊர் பார்க்கத்தான் திருப்பி எடுக்க வேண்டும், அடுப்படியில் நின்று முணுமுணுத்தால் போதாது. அதோடு, அடுத்த மாதம் நீயும் முத்துலட்சுமியும் ஜெர்மனிக்குக் கிளம்புகிறீர்கள். கம்பெனி அனுப்புகிறது, சில வருஷம் ஆகும் என்கிறாய். இதுவரை ஓசூரில் நான், கிருஷ்ணகிரியில் நீ. பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு குட்டித் தூக்கம் போட்டால் வந்துவிடுகிற தூரம். இனிமேல் நமக்கு நடுவில் இருக்கப்போவது போன் ஒன்றுதான். அந்தப் போனில் நான் செய்த காரியத்தைப் பற்றி நாம் இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. நீ அந்தப் பேச்சை எடுக்கவில்லை, எனக்கு எடுக்கத் தைரியம் வரவில்லை.

சரோஜாக்காவிடமிருந்து தொடங்குகிறேன். அப்போது நீ கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போயிருந்தாய், முழுக்கதை உனக்குத் தெரியாது. நம் எதிர்வீட்டுச் சரோஜாக்கா காவேரிப்பட்டினத்துக்காரர். ஒரு கட்டுக் கீரைக்குக் கீரைக்காரியை அழ வைத்து அனுப்புகிற ஆள். அவரை ஏமாற்ற இனி ஒருத்தன் பிறந்துதான் வரவேண்டும் என்று நாங்களே கேலி செய்வோம். பிறந்து வந்தது மனுஷனாக வரவில்லை, அவ்வளவுதான். சென்னையில் இருக்கிற மகள் குரலில் ஒரு காலை போன் வந்தது. "அம்மா, வண்டில ஒருத்தர இடிச்சிட்டேம்மா, ஸ்டேஷன்ல உக்கார வச்சிருக்காங்க, எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா அவ்ளோதான், நீ யார்கிட்டயும் சொல்லாத." அதே அழுகை, மூக்கை உறிஞ்சுகிற அதே சத்தம். சரோஜாக்கா கழுத்தில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்து, அவர்கள் சொன்ன நம்பருக்குப் பணத்தை அனுப்பிவிட்டு, பூஜையறையில் போய் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் மகள் நிஜமாகவே கூப்பிட்டு, "என்னம்மா, இன்னிக்கு என்ன கொழம்பு?" என்று கேட்டாளாம். அந்தப் பெண் சமையல் வீடியோ போடுகிறவள். அதிலிருந்து குரலை எடுத்து, ஏஐ வைத்து அச்சாக அவளைப் போலவே பேச வைத்திருக்கிறார்கள். சரோஜாக்கா பணத்துக்காக அழவில்லை. "என் வயித்துல பொறந்தது எதுன்னு எனக்கே தெரியலியே"ன்னு தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும், அது வந்தால் பேனா இல்லாமல் அடங்காது. ரிட்டயர் ஆன நாளிலிருந்து டவுன் பஸ் வராததற்கும், தெருக்குழாயில் தண்ணீர் வராததற்கும் பேப்பருக்கு எழுதி எழுதிக் கை பழகியிருந்தது. இந்தத் தடவை கடிதமாக இல்லாமல் கட்டுரையாகவே எழுதினேன். வயசானவர்களே, போலிக் குரல் இப்படி வரும், அவசரப்படுத்தும், யாரிடமும் சொல்லாதே என்னும், பணம் கேட்கும் என்று விளக்கமாக எழுதிவிட்டு, கடைசியில் ஒரு யோசனையும் சொன்னேன். எங்கள் ஓசூர்ப் பக்கம் வீட்டில் ஒரு பாஷை, தெருவில் ஒரு பாஷை. எங்கள் வீட்டில் தெலுங்கு, அடுத்த வீட்டில் கன்னடம், வாசல் தாண்டினால் எல்லாருக்கும் தமிழ். பிள்ளை ஆபத்தில் இருந்தால் வாயில் வீட்டுப் பாஷைதான் வரும். திருடனுக்கு அது தெரியாது. ஆகவே வீட்டுப் பாஷையில் வராத குரலை நம்பாதீர்கள், பேச்சே வேண்டாம், போனை வையுங்கள். பேப்பர்காரர்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, அதையே தலைப்பாகப் பெரிய எழுத்தில் போட்டார்கள். நான் அந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு தேவையே இல்லாமல் மளிகைக்கடைக்கு இரண்டு தரம் போய்வந்தேன்.

இப்போது ஒரு உண்மை சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்த யோசனை போலிக் குரலை நினைத்து வந்ததில்லை. உன்னை நினைத்து வந்தது. நீ திருநெல்வேலிப் பெண்ணைக் கட்டினாய். நான் தடுக்கவில்லை, கல்யாணத்தில் முன்னால் நின்று எல்லாம் செய்தேன். ஆனால் நீங்கள் குடித்தனம் போட்ட முதல் மாதம் உன் வீட்டுக்கு வந்தபோது, நீ சமையல்கட்டிலிருந்து என்னிடமே "அம்மா, காபியா டீயா"ன்னு தமிழில் கேட்டாய். வெறும் காபி. அதற்கே எனக்குக் கோபம் வந்தது. அவளுக்குப் புரியட்டும் என்றுதான் நீ அப்படிக் கேட்டாய், அது மரியாதை. அன்றைக்கு அது எனக்குத் தெரியவில்லை. மகன் கைமாறிப் போனான் என்றுதான் தோன்றியது. தமிழில் படித்து, தமிழில் எழுதி, தமிழ்ப் பேப்பரில் பெயர் வந்தால் மளிகைக்கடைக்கு நடக்கிறவளுக்கு இந்தக் கோபம் எங்கிருந்து வந்ததோ! என் வயிற்றெரிச்சலுக்கு அறிவுரை என்று பெயர் வைத்து, ஊரில் இருக்கிற வயசானவர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டேன்.

அந்தக் கட்டுரை வந்து சில வாரம் கழித்து ஒரு மத்தியானம். நான் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பர். எடுத்தால் உன் குரல். "அம்மா, நான்தாம்மா. அடிபட்டுடுச்சு. சூளகிரிகிட்ட. கால்ல... ஆஸ்பத்திரியில பணம் கட்டணுமாம். நீ வரியாம்மா?" எல்லாம் தமிழ். சின்னா, எனக்கு ஒரு நொடிகூடப் பயம் வரவில்லை. அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. பயத்துக்குப் பதிலாகச் சந்தோஷம் வந்தது. பரீட்சைக்குப் படித்த கேள்வியே வந்துவிட்டது போல. கட்டுரையில் எழுதியபடியே ஒவ்வொன்றாக வருகிறதே, அடிபட்டது, பணம், அவசரம், வீட்டுப் பாஷை இல்லை! நான் சிரித்தேன். "ஏன்டா, எம் பையன் என்கிட்ட தெலுங்குலதான்டா பேசுவான். ஒங்க மொதலாளி ஒனக்கு அத சொல்லிக்குடுக்கலியா? போடா, போயி வேற ஆளப் பாரு"ன்னு சொல்லிவிட்டு வைத்தேன். வைத்ததோடு விடாமல் அந்த நம்பரை பிளாக்கும் செய்தேன்.

பேருக்கு உன் நம்பருக்கு ஒரு தரம் போட்டேன். அணைத்து வைத்திருக்கிறது என்றது. ஷிப்டில் நீங்கள் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்பது எனக்குத் தெரியும், ஆகவே சரியாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அந்தப் போன் உன்னை இடித்த டெம்போவின் சக்கரத்துக்கு அடியில் நொறுங்கிக் கிடந்தது எனக்கு எப்படித் தெரியும்? நேரே எதிர்வீட்டுக்குப் போய்ச் சரோஜாக்காவிடம் கையை ஆட்டி ஆட்டிக் கதை சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எதுக்கும் மருமவளுக்கு ஒரு போனு போட்டுப் பாருடி. போனா ஒரு போனு, வேற என்னா போவுது"ன்னார். போட்டிருக்கலாம். முத்துலட்சுமிக்கு நான் பொங்கலிலிருந்து போன் செய்யவில்லை. அவள்தான் முதலில் செய்யவேண்டும் என்று ஒரு வீம்பு, மாமியார் கிரீடம் தலையில் இருந்தது. அந்த வீம்பில் சரோஜாக்காவைப் பார்த்து, "ஒன்ன மாதிரி ஏமாந்துட்டு மூலையில உக்காந்து அழற ஆளா நானு?"ன்னு கேட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. அதையும் பார்த்துக்கொண்டே வந்து படுத்துத் தூங்கினேன்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு முத்துலட்சுமி கூப்பிட்டாள். உன் கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைப் பார்த்து யாரோ கம்பெனிக்குச் சொல்லி, கம்பெனி அவளுக்குச் சொல்லி, அவள் அலறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறாள். "அத்தை, அவங்களுக்கு அடிபட்டுட்டு. காலுல ஆப்பரேஷன் பண்ணணுங்காவ. நீங்க வந்தா எனக்குத் தெம்பா இருக்கும்." அவ்வளவுதான் சொன்னாள். நான் கட்டிய புடவையோடு பஸ் ஏறினேன். சூளகிரி வருகிறவரைக்கும் அந்த "வரியாம்மா" என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. மத்தியானம் உன் குரலின் போலி என்று நினைத்தது, இப்போது உன் குரலாகவே கேட்டது. மூச்சு இழுக்கிற இடம்கூட நீதான்.

வார்டில் நீ என்னைப் பார்த்ததும் என்ன கேட்டாய் என்று நினைவிருக்கிறதா? "பஸ்ஸுல உக்கார எடம் கெடச்சுதா?"ன்னு கேட்டாய். போனைப் பற்றி மூச்சுவிடவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், நீ கண்ணை மூடிக்கொண்டாய். வெளியே பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். கௌரம்மா, ஹைவே ஓரத்தில் டீக்கடை வைத்திருக்கிறவர். நீ விழுந்ததைப் பார்த்து ஓடிவந்து, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, முத்துலட்சுமி வருகிறவரை கடையைப் பூட்டிப்போட்டு உன் பக்கத்தில் இருந்தவர். போன் அவருடையது. உன்னால் கையைத் தூக்க முடியாது என்று ஸ்பீக்கரில் போட்டு அவரே பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். அவருக்கும் புரியட்டும் என்றுதான் நீ தமிழில் பேசியிருக்கிறாய். "வேற யாரு நம்பராவது சொல்லுப்பான்னேன். பொஞ்சாதி நம்பரு ஞாபகம் இல்ல, எங்கம்மா நம்பரு ஒண்ணுதான் மனப்பாடம்னு சொல்லிச்சுமா. நீங்க வச்சதும், சிக்னல் போயிடுச்சுன்னு சொல்லிச்சு. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. ஆனா அந்தப் புள்ள சிக்னலுன்னு சொன்னப்புறம் நான் என்னாத்த சொல்றது? மறுபடி ரெண்டு மூணு வாட்டி போட்டேன், போவல." எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடக்கூடாதா என்று இருந்தது.

என் நம்பர் ஏன் உனக்கு மனப்பாடம்? நான்தான் மனப்பாடம் செய்ய வைத்தேன். முதல் முதலாகப் பட்டன் போன் வாங்கிய புதிதில், குளிக்கும்போது, தலைவாரும்போது, ஸ்கூல் வேனுக்கு நிற்கும்போது, சொல்லுடா சொல்லுடா என்று உன் பிராணனை வாங்குவேன். காணும் பொங்கலுக்குக் கெலவரப்பள்ளி அணைக்குப் போனோமே, கூட்டத்தில் நீ தொலைந்துபோனாய். நானும் உங்கப்பாவும் ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டு ஓடினோம். அப்போது என் போன் அடித்தது. தெரியாத நம்பர்தான். மாங்காய் நறுக்கி விற்கிற ஒரு பெண், கன்னடமும் தமிழும் கலந்து, "இல்லி, இங்க ஒரு பையன் அழுதுகினு கீறாம்மா, உங்க நம்பர்தான் சொல்றான்"ன்னாள். அவள் யார், என்ன பாஷை, நிஜமா பொய்யா என்று நான் ஒன்றும் கேட்கவில்லை. ஓடினேன். நீ வாய் நிறைய மாங்காயோடு உட்கார்ந்திருந்தாய். "நம்பர் சொன்னா நீ வருவேன்னு எனக்குத் தெரியும்"ன்னு சொன்னாய். உங்கப்பா போய்ச்சேருகிறவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சூளகிரி ஆஸ்பத்திரியில் நீ அதே நம்பரைத்தான் சொல்லியிருக்கிறாய், நான் வருவேன் என்று நினைத்துத்தான் சொல்லியிருக்கிறாய்.

கால் கூடிவிட்டது. மாடி ஏறும்போது மட்டும் கொஞ்சம் இழுக்கிறது, குளிருக்கு வலிக்கிறது என்று முத்துலட்சுமிதான் சொன்னாள், நீ சொல்லவில்லை. ஜெர்மனியில் குளிர் அதிகமாமே. இதைவிட எனக்கு வலிக்கிறது வேறொன்று. அன்றையிலிருந்து நீ எப்போது கூப்பிட்டாலும், "அம்மா, நேனு"ன்னு, நான்தான் என்று தெலுங்கில் ஆரம்பிக்கிறாய். தின்னாவா, நித்ர பட்டிந்தா, சாப்பிட்டாயா தூங்கினாயா என்று எல்லாம் சுத்தத் தெலுங்கு. பக்கத்தில் உன் பெண்டாட்டி இருந்தாலும் தெலுங்குதான். இதற்குத்தானே ஆசைப்பட்டேன்? கிடைத்துவிட்டது. நான் வேலை பார்த்த கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி தினம் பார்க்கிற முகமாக இருந்தாலும் அட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்வார், நாங்களும் காட்டிவிட்டுத்தான் உள்ளே போவோம். நீ பெற்ற தாயிடம் ஒவ்வொரு தடவையும் அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே வருகிறாய், சின்னா. நீ அதை வேண்டுமென்று செய்யவில்லை. அது தெரிந்துதான் எனக்கு இன்னும் அழுகை வருகிறது. போன மாதம் உனக்கு ஜுரம் வந்து மூன்று நாள் படுத்திருந்ததும் எழுந்தபிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஏன்டா சொல்லவில்லை என்றதற்கு, "எதுக்கும்மா உன்ன சிரமப்படுத்தணும்"ன்னாய், அதையும் தெலுங்கிலேயே.

இதையெல்லாம் உன்னோடு நேரில் பேசி முடித்திருக்கலாம். பேப்பர் ஆபீஸிலிருந்து ஒரு வாசகர் கடிதத்தை அனுப்பி வைத்ததுதான் என்னைப் பேனாவை எடுக்க வைத்தது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். வீட்டில் கன்னடம் பேசுகிறவர், பிள்ளைகள் மூன்று ஊரில். என் கட்டுரையை வெட்டி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறாராம். "தாங்கள் சொன்னபடி தமிழில் வரும் போனையெல்லாம் உடனே வைத்துவிடுகிறேன், தங்களால் நிம்மதியாகத் தூங்குகிறேன்" என்று எழுதியிருந்தார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஐயா, நீங்கள் யாராக இருந்தாலும், தயவுசெய்து அதைக் கிழித்துப் போடுங்கள். அங்கே இதை ஒட்டுங்கள். எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் படித்த பெண் சொல்கிறாள், அந்த ஏஐக்குக் கன்னடமும் தெரியுமாம், தெலுங்கும் தெரியுமாம், நம்மைவிட நன்றாகவே பேசுமாம். வீட்டுப் பாஷையில் வருகிறவன் திருடனாகவும் இருக்கலாம். வேறு பாஷையில் அழுகிறது உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம்.

முப்பது வருஷம் ஸ்விட்ச் கம்பெனியில் தரம் பார்க்கிற மேஜையில் உட்கார்ந்தேன். அங்கே நான் சேர்ந்த புதிதில் சூப்பர்வைசர் அம்மா சொல்லிக்கொடுத்த முதல் பாடம் என்ன தெரியுமா? சந்தேகமான பீஸை ரிஜெக்ட் பெட்டியில் வீசாதே, நல்லது என்று விட்டும் விடாதே. மஞ்சள் டேக் கட்டி ஹோல்டு ட்ரேயில் வை, இன்னொரு ஆள் பார்த்துச் சொல்லட்டும். அஞ்சு பைசா பித்தளைத் துண்டுக்கு அந்த மரியாதை கொடுத்தேன், உன் குரலுக்குக் கொடுக்கவில்லை. ஆகவே பெரியவர்களே, பணத்தை அனுப்பாதீர்கள், அதில் மாற்றமில்லை. ஆனால் போனை வைத்துவிட்டுத் தட்டுக் கழுவப் போகாதீர்கள். பிள்ளையின் நம்பருக்குப் போடுங்கள். எடுக்காவிட்டால் மருமகளுக்கு, சம்பந்திக்கு, சிநேகிதனுக்கு, வேலை செய்யும் இடத்துக்குப் போடுங்கள். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் என்றால் முதலில் அவர்களுக்கே போடுங்கள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுக்கொண்டு, நேரில் போகமுடிகிற தூரமாக இருந்தால் எழுந்து போங்கள். கையில் பணம் வேண்டாம், கால் போதும். யாரும் இல்லையென்றால் ஏமாந்த மனுஷர் ஒருவரிடம் யோசனை கேளுங்கள். அவர்கள் நம்மைக் கேலி செய்யமாட்டார்கள். சரோஜாக்காவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "போடி, மொதல்ல காபியக் குடி"ன்னார். முத்துலட்சுமிக்கு இப்போதெல்லாம் நான்தான் முதலில் கூப்பிடுகிறேன். அவள் எனக்கு அவர்கள் ஊர்ச் சொதிக் குழம்பு வைக்கக் கற்றுக்கொடுக்கிறாள், நான் அவளுக்குக் கொஞ்சம் தெலுங்கு. அவள் வாயில் அது படுகிற பாட்டைப் பார்த்து இரண்டு பேரும் சிரிக்கிறோம்.

உன்னிடம் மட்டும்தான் பாக்கி. நீ அங்கே போய், எந்த ஊர் நம்பரிலிருந்தோ, எவர் போனை வாங்கியோ, வாயில் என்ன பாஷை வருகிறதோ அதில் கூப்பிடு. அட்டையைக் காட்டாதே. ஜுரம் வந்தால் ஜுரத்தோடு கூப்பிடு, எழுந்தபிறகு சொல்லாதே. கூப்பிட்டது நீதானா என்று நான் அப்புறம் பார்த்துக்கொள்கிறேன், அதற்கு வழிகள் கற்றுவைத்திருக்கிறேன். நீ இல்லாத ஒரு குரலை நம்பிப் பதறி, ஊர் சிரிக்கிறபடி பஸ் ஸ்டாண்டு வரை ஓடிவிட்டுத் திரும்பினாலும் பரவாயில்லை, அந்த ஓட்டத்தை நான் உனக்குக் கடன் வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பமும் கொடுத்துவிட்டேன், போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன், முத்துலட்சுமியைக் காட்டச் சொல். அன்றைக்கு நீ ஒன்று கேட்டாய், நான் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். பதில் சொல்லாமலே இருக்கிறது. நீ கேட்ட பாஷையிலேயே சொல்கிறேன்.

வரேன்டா.

அம்மா